கண்ண மூடாதம்மா

…மூஞ்சி மேலயே சாத்திட்டாம்மா கதவ! கம்பி கேட்டுகூட இல்ல, மரக் கதவு. மூக்கு ஒரு நூலு நீட்டா இருந்திருந்தா, இன்னிக்கு என்னய ஒருத்தன் போட்டோ எடுத்துக்கினு இருந்திருப்பான். ‘எங்க வூட்டுல இன்னும் யாரும் சாவல, போய்யா’ன்றா. நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. ‘சரோஜா’ன்னேன். பேர சொன்னது ஒரு குத்தமா?

நேரா உக்காரு. தாவாய கொஞ்சம் ஏத்து… அவ்ளோ ஏத்தாதம்மா, கழுத்த அறுக்கப் போறதில்ல. ஆங். வாய மூடிக்க. பல்லு தெரியக் கூடாது, காது ரெண்டும் தெரியணும், சிரிக்கக் கூடாது. கம்பெனி ரூலு. நீ ஒண்ணும் பேசாத, பேசினா வாய் கோணிக்கும். நான் பேசுறேன். ஃப்ளாஷ் சார்ஜ் ஏறணும், பழசு, டைம் எடுக்கும். உன் கம்பெனி பஸ்ஸு ரெண்டரைக்குத்தான? டைம் கீது.

இந்த ஒரகடம் கூட்ரோட்டுல வந்து டில்லிபாபு யாருன்னு கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது. சாவு போட்டோக்காரன் எங்கன்னு கேளு, கையப் புடிச்சு இட்டுக்கினு வந்து வுடுவான். வுட்டுட்டு கைய கழுவுவான். தெருவுல ஒரு வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி டீ குடிக்க முடியலம்மா. உள்ள படுத்துக்கினு கீற பெரியவரு எழுந்து வெளிய வந்து, நாலு நடை நடந்து காட்டுறாரு. ‘நல்லாத்தான் கீறேன், பாத்துக்கோ’ன்ற மாதிரி. நான் டீக்கு வந்தேன் பெரியவரேன்னா நம்ப மாட்டேன்றாரு.

கல்யாணத்துக்கு ஒருத்தனும் கூப்புடுறது இல்ல. அதுக்குத்தான் மெட்ராஸ்லருந்து தாடி வெச்ச பசங்க வரானுங்களே, மேல கேமரா ஒண்ண பறக்க வுட்டுக்கினு. மாப்ள தலைக்கு மேல வெட்டுக்கிளி மாதிரி சுத்துது அது. எனக்கு மிச்சம் பொணம்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கஸ்டமரு. ஆடாது. அசையாது. ‘கொஞ்சம் செவப்பாக்கிக் குடுங்க’ன்னு கேக்காது. கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்கன்னு சொல்லாது. கண்ணுன்னவொடனே… கண்ண மூடாதம்மா. ஒன், டூ…

மூடிட்ட. பரவால்ல, இன்னொண்ணு அடிக்கலாம்.

கண்ணுதாம்மா பெரிய பேஜாரு. நாற்காலில சாச்சு உக்கார வெப்பாங்க, துண்டு ஒண்ண நெஞ்சோட சேத்து கட்டி. சுத்தி சொந்தக்காரன் நிப்பான். நடுவுல கீறவருதான் இருக்கறதுலயே அமைதியா இருப்பாரு. எல்லாம் முடிஞ்சு மூணா நாளு வருவாங்க, ‘அண்ணே, அப்பாவ கண்ணத் தொறந்த மாதிரி பண்ணிக் குடுங்க’. நான் இன்னா ஏசுவா, எழுந்து வான்னு கூப்புட? கம்ப்யூட்டர்ல வேற ஒருத்தர் கண்ண எடுத்து ஒட்டணும். ஒரு தடவ செத்துப்போனவருக்கு அவுரு அண்ணன் கண்ண எடுத்து வெச்சேன். ஒரே ஜாடைதானே, பொருந்தும்னு. நல்லாத்தான் பொருந்துச்சு. அண்ணன் பொண்டாட்டி மாலை போட வந்துட்டு ‘இவரு இன்னாத்துக்கு என்னயே மொறைக்கிறாரு’ன்னு பின்னாடியே போயிட்டா. இன்னி வரைக்கும் அந்த வூட்டுல காபி குடிக்கிறது இல்லியாம்.

பேயா? எல்லாரும் கேக்குறதுதான். முப்பது வருஷமா பொணம் எடுக்குறேன், ஒரு பேயும் ‘என் போட்டோ ஒரு காப்பி குடு’ன்னு வந்ததில்ல. ஆனா பேயத் தேடி நான் போயிருக்கேன். வல்லம் வடகால்ல ஒரு கம்பெனி, பேரு வேணாம். புது ஷெட்டு. பேக்கிங் செக்‌ஷன்ல வெள்ளையா ஒரு பொம்பள நடக்குதுன்னு பொண்ணுங்க ஓடி வந்துடுச்சுங்க. அங்க மேனேஜரு படிச்சவரு. இன்னா பண்ணாரு, ‘போட்டோக்காரர கூப்புடு, மூலை மூலையா எடுத்து போர்டுல ஒட்டு, பேய் இல்லன்னு அதுங்களே பாக்கட்டும்’னாரு. போனேன். எரநூறு போட்டோ. பேய் இல்லாததுக்கு எரநூறு போட்டோ எடுத்த ஒரே ஆளு இந்த ஜில்லாவுல நான்தான். ஒட்டினாங்க. மறுநாளு நாப்பது பொண்ணுங்க வேலைக்கு வரல. நூத்திப் பதினேழாவது போட்டோல, கண்ணாடிக்குப் பின்னால, வெள்ளையா ஒருத்தன் தலை சாச்சு நிக்கிறான்.

நான்தாம்மா. கண்ணாடில என் சட்ட தெரிஞ்சிருக்கு. சொன்னேன், யாரு நம்புறா? ‘சாவு போட்டோக்காரனுக்கே பேய் காட்சி குடுத்துச்சு’ன்னு ஆயிப் போச்சு.

இந்தப் பக்கம் திரும்பு. தோள எறக்கு. எறக்குன்னா எறக்கு, சாக்கு மூட்டையா கீது தோள்ல? ஆங். தண்டலம் பக்கம் போயிருப்பியே, ஹைவேஸ் ஓரத்துல சின்னச் சின்னதா அஞ்சு கல்லு பாத்தியா? வண்டில வந்து லாரில அடிபட்டு போனானுங்களே, அவனுங்களுக்கு நட்டது. போட்டோ எல்லாம் என் கை. ரோட்ட அகலப்படுத்தும்போது கல்ல எல்லாம் புடுங்கி ஒரே எடத்துல சாச்சு வெச்சுட்டானுங்க. ஒருத்தனுக்கு ஒருத்தன் மொகமே தெரியாது. இப்போ அஞ்சு பேரும் வரிசையா, ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறானுங்க. போறப்ப பாக்குறேன். மழ அடிச்சாலும் ஒருத்தன் மூஞ்சியும் அழியல. அது தொழில் சுத்தம். ஒன், டூ…

ஏம்மா. சிரிக்கிற! சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? கேட் பாஸ்ல சிரிச்சா கார்டு அடிக்கும்போது மிஷின் ஒத்துக்காதாமே. மூடு. இன்னொண்ணு அடிக்கிறேன்.

அந்த சரோஜாவுக்கு என் மேல இன்னா கோவம்ன்ற? சின்ன விஷயம்தான். அவ வூட்டுக்காரரு நடேசன நான் போன வருஷம் சாவடிச்சுட்டேன்.

பயப்படாத, ஃப்ளெக்ஸ்ல. கண்ணீர் அஞ்சலிக்கு கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் செஞ்சு வெச்சுருப்பேன். பூ, ரெண்டு பக்கம் வெளக்கு, தோற்றம், மறைவு, மேல ஆகாசத்துலருந்து வெளிச்சம் வர மாதிரி. மூஞ்ச மட்டும் மாத்தினா போதும். மாடலுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? நடேசன் ஆயுள் இன்சூரன்ஸுக்கு என்கிட்ட போட்டோ எடுத்திருந்தாரு. சாந்தமான மூஞ்சி. செத்தவங்களுக்கே அந்த சாந்தம் வராது. அத வெச்சிருந்தேன். ஒரு நாளு அவசரம். ஒரு பெரியவரு போய்ட்டாரு. பேர மாத்தினேன், தேதிய மாத்தினேன், சொந்தக்காரனுங்க பதினாலு பேரு மூஞ்சிய கூலிங் கிளாஸோட சுத்தி வெச்சேன். நடுவுல கீற மூஞ்ச மாத்த மறந்துட்டேன். பிரிண்டுக்கு போயிடுச்சு. பஸ் ஸ்டாப்புல கட்டிட்டானுங்க.

நடேசன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சு பஸ்ஸ வுட்டு எறங்குறாரு. பாக்குறாரு. நிதானமான மனுஷன், முழுசா படிச்சாரு. பக்கத்துல ஒருத்தன், வெளியூர்க்காரன், ‘நல்ல மனுஷன் போலக் கீது’ன்னானாம். இவுரு ‘ஆமா’ன்னாராம். அவுரு வூட்டுக்கு நடந்து போறதுக்குள்ள சரோஜாவோட அக்கா மாலையோட ஷேர் ஆட்டோல வந்து எறங்கி தெருமொனையிலயே ஒப்பாரி எடுத்துட்டா. இவுரு பின்னாடியே போய் நின்னுருக்காரு. அவ திரும்பிப் பாத்து மயக்கம். நான் மறுநாளே போய் சொன்னேனே, ‘திருஷ்டி கழிஞ்சுது சரோஜா, இனிமே ஆயுசு கெட்டி’ன்னு. அந்த நேரம் பாத்து அந்தாளுக்கு ஜொரம் வரணுமா? ஒரு வாரம் படுத்துட்டாரு. அதுக்கும் நான்தான் காரணம்.

அப்படிப்பட்ட வூட்டுக்கு நேத்து நான் ஏன் போனேன்? நீ கேக்க மாட்ட, வாய மூடிக்கினு கீற. நானே சொல்றேன்.

ஒரு ஆல்பம். அவ கல்யாண ஆல்பம். ரெண்டாயிரத்து நாலு, தை மாசம், நான் எடுத்தது. அது எனக்கு ஒரு தடவ வேணும். தரச் சொல்லல, காட்டினா போதும்.

வெளிய போர்டு படிச்சல்ல, லூர்து ஸ்டுடியோன்னு? எல்லாரும் மாதா பேருன்னு நெனச்சுக்குறாங்க. மாதா இல்ல, என் வூட்டுக்காரி. லூர்தம்மாள். பன்னெண்டு வருஷம் ஆச்சு, மஞ்ச காமாலை. பதினோரு நாள்ல போய்ட்டா. அப்போ மரச் சிலுவைதான் நட்டோம். இப்போ எங்க பொண்ணு ஷாரோன், உன்ன மாதிரிதான், கம்பெனில கீறா, அவ சம்பாத்தியத்துல கருங்கல்லு வெச்சா. நல்ல கல்லு. கொத்துற ஆளு போட்டோ பதிக்க நடுவுல முட்ட மாதிரி ஒரு குழி செதுக்கிக் குடுத்தான். அது காலியா கீது. ரெண்டு மாசமா. போன வாரம் போனா, குளவி கூடு கட்டியிருக்கு.

ஊருல எவன் செத்தாலும் மூஞ்ச குடுக்குறவன் நான். என் பொண்டாட்டி கல்லுல குளவி.

போட்டோ இல்லியான்னு கேளு. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க, சிரிச்சுக்கினே. எங்க கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போச்சு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல பீரோ கீழ் தட்டு வரைக்கும் தண்ணி. பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கிச்சு. பிரிச்சேன். அவ மூஞ்சி மட்டும் உரிஞ்சு எதுத்த பக்கத்துல, என் மாமனார் சட்ட மேல ஒட்டிக்கினு வந்துச்சு. பொடவ கீது, மாலை கீது, மூஞ்சி இல்ல. ஓட்டர் கார்டப் பாரு, கட்ட வெரலுக்கு பூ வெச்ச மாதிரி கீது. ஆதார் எடுத்த அன்னிக்கு அவ ஒரு மண்டபத்துல எனக்கு கொட புடிச்சுக்கினு இருந்தா. லைட்டுக்கு வெள்ளக் கொட. எல்லா கல்யாணத்துலயும் அவதான் புடிப்பா. ஓரத்துல நிப்பா, ஃப்ரேமுக்குள்ள கை வந்துடும், வளையலு வந்துடும். நான் வெட்டி எடுத்துடுவேன். பதினேழு வருஷமா என் கையால வெட்டினேம்மா.

ஷாரோன் போன மாசம் சொன்னா, ‘நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாளுக்குள்ள அம்மா போட்டோ வரலன்னா அந்தக் குழில உன் போட்டோவ வெச்சுடுவேன்’னு. சொல்ற வாய்தான், எங்கிட்டருந்து வந்த வாயி, நான் கோச்சுக்கல. அப்புறம் கெளம்பும்போது செருப்ப மாட்டிக்கினே சொன்னா. ‘அம்மா குரலு ஞாபகம் கீதுப்பா, மூஞ்சி தேஞ்சுக்கினே வருது’ன்னு. அம்மா போனப்ப அவளுக்குப் பதினோரு வயசு. திருநாளுக்கு இன்னும் மூணு நாளு கீது. பேசுறது இல்ல எங்கிட்ட.

நீ கேக்கலாம், போட்டோக்காரன் பொண்டாட்டிக்கு போட்டோ இல்லியான்னு. எடுத்தேன்மா. வருஷத்துக்கு நாலு எடுத்தேன். கிறிஸ்மஸ், அவ பொறந்த நாளு, வேளாங்கண்ணி போய்ட்டு வந்தா ஒண்ணு, புதுப் பொடவ கட்டினா ஒண்ணு. கடைய சாத்தற நேரத்துக்கு வந்து, நீ உக்காந்துக்கினு கீறியே, இதே ஸ்டூல்ல உக்காருவா. ‘ஏங்க, எனக்கு ஒண்ணு’ன்னுவா. நானும் ஒன், டூ சொல்லி பளிச்சுன்னு அடிப்பேன்.

டம்மி.

ஃபிலிம் ரோலு காலத்துல இது ஒரு பழக்கம். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். மண்டபத்துல பந்தி போடுறவன், ஒண்ணுவுட்ட மாமா, அவரோட மச்சான், எல்லாம் ‘என்ன ஒண்ணு எடு’ன்னுவான். இல்லன்னா சண்ட. அதனால கேமரா பட்டன அமுக்க மாட்டோம், ஃப்ளாஷ மட்டும் தனியா தட்டி வுடுவோம். வெளிச்சம் வரும், அவன் சந்தோஷமா சாப்புடப் போயிடுவான். தொழில்ல எல்லாரும் பண்றதுதான். நான் வூட்டுலயும் பண்ணேன். சொந்தப் பொண்டாட்டி, எங்க போயிடப் போறா, அப்புறம் எடுத்துக்கலாம்னு. ‘கழுவக் குடுத்துருக்கேன்’னுவேன். மறுபடி கேக்க மாட்டா. அப்புறம் டிஜிட்டல் வந்துச்சு. ரோலு இல்ல, ஆயிரம் எடுக்கலாம். அந்த நேரத்துக்கு அவ ஸ்டூல்ல வந்து உக்கார்றத நிறுத்திட்டா.

இன்னாமோ பேயி பேயின்றாங்களே. அப்படி ஒண்ணு இருந்தா, இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளு வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கணும்ல? நான் எடுத்திருப்பேன்ல?

சரோஜா கல்யாணத்துல மட்டும் ஒண்ணு நடந்துச்சு. பொண்ணு மேடைல நிக்கிறா. திடீர்னு ‘அக்கா, நீயும் வாக்கா’ன்னு லூர்து கையப் புடிச்சு இழுத்துட்டா. கொடய நடேசன் தம்பிகிட்ட குடுத்துட்டு இவ மேல ஏறிட்டா. சரோஜா தோள் மேல கையப் போட்டுக்கினா. அப்போ நான் இன்னா பண்ணுவேன்? கல்யாணப் பொண்ணு ஃப்ரேம்ல கீறா, டம்மி அடிக்க முடியாதே. நெசமா அடிச்சேன். வெட்டவும் முடியல, பொண்ணு கை நடுவுல கீது. ஒரே ஒரு போட்டோம்மா, நெகட்டிவும் வெள்ளத்துல போச்சு. ஆரஞ்சு கலர் அட்டை, முகூர்த்தம் முடிஞ்சு மூணாவது பக்கம்.

அதுக்குத்தான் போனேன். அதுக்குத்தான் கதவு.

இன்னா? எனக்கு எதுக்கு இதெல்லாம்ன்ற மாதிரி பாக்குற… சரி, சொல்லிட்றேன். நீ வந்தவொடனே கம்பெனி ஃபாரத்த மேசை மேல வெச்ச. ஒழுங்கா போட்டோ சைஸ் பாக்கத்தான் எடுத்தேன். கவிப்பிரியா, காண்ட்ராக்ட் மாறினதால புது கேட் பாஸு, எல்லாம் செரி. கீழ அட்ரஸு. வல்லம் வடகால், மாரியம்மன் கோயில் தெரு, சரோஜா வூடு, மாடி ரூமு. நீ அவ வூட்டுலதான் வாடகைக்கு கீற. கேக்கணும்னு நெனச்சேன். வாய் வரல. பேயி, பொணம், கல்லுன்னு எல்லாம் வருது, இது வரல. ஆல்பத்தக்கூட தூக்கிக்கினு வர வேணாம்மா. அந்தப் பக்கத்த உன் போன்ல ஒண்ணு அடிச்சுக்கினு வந்தா… வாடகைப் பொண்ணு கேட்டா காட்டுவா. கல்யாண ஆல்பம் பாக்கறேன்னு கேட்டா எந்தப் பொம்பள மாட்டேன்னுவா?

எழுந்துக்காத, எழுந்துக்காத. பஸ்ஸுக்கு இன்னும் டைம் கீது. மூணாவது அடிச்சுடுறேன், நேரா உக்காரு. கண்ண மூடாதம்மா. ஒன், டூ…

மறுபடி சிரிக்கிற. இன்னாம்மா உனக்கு? நான் இவ்ளோ நேரம் சாவப் பத்திப் பேசிக்கினு கீறேன்…

இன்னா? எத காட்டுற? கம்ப்யூட்டர்லயா?

ஆங்.

அது… கார்டு. கேமரா கார்டு.

ஆமா, அங்கதான் சொருகிக்கினு கீது. கேமராவுக்குள்ள இல்ல. …ஆமாம்மா, மூணும் டம்மி. வேணும்னுதான். போட்டோ எடுத்துட்டா நீ எழுந்து போயிடுவ. போறதுக்குள்ள கேக்கணும். கேக்க வாய் வரல, அதான் ஒண்ணொண்ணா தட்டிக்கினு இருந்தேன். கோச்சுக்காத. இப்போ நெசமா எடுக்கிறேன், இரு, கார்ட எடுத்து…

நீ எப்போ பாத்த? …மொத ஃப்ளாஷ்லயேவா? கம்பெனில கேமரா செய்யற லைன்ல இன்ஸ்பெக்‌ஷனா நீ? அதான. நாள் பூரா அதத்தான பாக்குற. உன்ன ஏமாத்த முடியுமா. ஆனா ஒண்ணு சொல்லு. பாத்துட்ட, படம் வுழாதுன்னு தெரியும். பின்ன இன்னாத்துக்கு உக்காந்துக்கினு சிரிச்ச?

இன்னா சொன்ன?

வுழாதுன்னு தெரிஞ்சதாலதானா. கம்பெனி பாக்காது, யாரும் பாக்க மாட்டாங்க, அதனால சிரிச்சேன்னியா…

இரு. கொஞ்சம் இரு.

லூர்துக்கு முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு இருக்கும். எவனாச்சும் கேமராவத் தூக்கினா டக்குனு வாய மூடிப்பா. சரோஜா கல்யாணப் படத்துலயும் மூடிக்கினுதான் இருப்பா, பாரேன். இந்த ஸ்டூல்ல உக்காந்தா மட்டும் அத்தன பல்லும் தெரிய சிரிப்பா. நான் நெனச்சுக்குவேன், புருஷன் எடுக்குறான்னு சந்தோஷம் போல, ஏமாந்துக்கினு கீதே பாவம்னு.

ரோலு மாட்றதே அவதாம்மா.

அவதான் மாட்டுவா, அவதான் கழட்டுவா, எத்தன படம் ஓடிச்சுன்னு கேமரா மேல நம்பரு பாத்து நோட்டுல எழுதறதும் அவதான். ஒண்ணு அடிச்சா நம்பரு ஒண்ணு ஏறணும். அவளுக்கு அடிச்சப்ப எல்லாம் ஏறியே இருக்காது. அத்தன வருஷமும். மறுநாளு ரோலு கழட்டும்போது பாத்திருப்பாளே. பாத்துட்டு மறுபடி அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்து உக்காந்து…

யாரு யார ஏமாத்திக்கினு இருந்தாங்க, சொல்லு.

…ஆரன் அடிக்கிறான். உன் பஸ்ஸா? போ, போ. ஓடாத, ரோட்டப் பாத்துப் போ, லாரி வரும். போட்டோ எடுக்கலியே! சரி போ, நாளைக்கு வா, நெசமா எடுக்கிறேன், மாதா மேல சத்தியமா. அந்த ஆல்பம்… மூணாவது பக்கம்… ஆரஞ்சு… காதுல வுழுந்துச்சா?

ஏறிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. ஷாரோனும் அப்படித்தான் போவா. எல்லாருக்கும் அவசரம்.

ஏம்மா! ஃபாரத்த வுட்டுட்டுப் போறியே! மேசை மேலயே கீது… ஃபாரம் இல்லாம புது கேட் பாஸ் எப்புடி வாங்குவ? ஓய், டிரைவரு… போய்ட்டான்.

கையோட எடுத்துக்கினு வந்த பொண்ணு. பைய எடுத்துச்சு, தண்ணி பாட்டில எடுத்துச்சு, போன எடுத்துச்சு. ஃபாரத்த மட்டும் வுட்டுட்டுப் போயிருக்கு. கார்டு சொருகியிருக்கறத அங்கருந்தே பாத்த கண்ணு, மூக்குக்கு நேரா மேசைல கீற ஃபாரத்தயா மறக்கும்?

மேல கனமா ஒண்ணு வெக்கணும். காத்துல பறந்துடப் போவுது. நாளைக்கு வந்து கேக்கும்.